கடக ராசிக்காரர்கள் பக்கவாட்டில் நடந்த ஆடி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் ஒரு நடை கீழமணற்குடிக்குப் போய், பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்ப்படுகிற முதல் ஆளிடம் கேட்டுப் பாருங்கள்: அந்த வருஷம் ஆடி பிறந்த காலையில், சூரியன் கடக வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அந்த நிமிஷத்திலிருந்து, ஊரில் கடக ராசியில் பிறந்த அத்தனை பேரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் கண்ணில் பட்டது பஞ்சாயத்து ஆபீஸ் கலியமூர்த்திதான். கக்கத்தில் பேப்பரை இடுக்கிக்கொண்டு, முகம் குளத்தங்கரையைப் பார்த்திருக்க, உடம்பு மட்டும் டீக்கடையை நோக்கி நகர்ந்து நகர்ந்து வந்து நின்று, "ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுப்பா" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. "என்ன சார், இடுப்புப் பிடிப்பா?" என்று டீக்கடைக்காரர் கேட்க, "பிடிப்பும் இல்ல, வலியும் இல்ல, காலு நேரா வரமாட்டேன்னு அடம் பிடிக்குது, அவ்வளவுதான்" என்று இவர் சொல்லி வாய் மூடுவதற்குள், அந்தப் பக்கம் பால்காரர் கேனோடு பக்கவாட்டில் போனார், இந்தப் பக்கம் அர்ச்சகர் வீட்டு அம்மாள் பூக்கூடையோடு பக்கவாட்டில் வந்தார். பள்ளிக்கூட மைதானத்திலோ, வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை லெஃப்ட் ரைட் போடவைத்த பி.டி. வாத்தியார் விசிலை வாயில் வைத்தபடி கொடிக்கம்பத்தைப் பக்கவாட்டில் கடந்து போக, இன்றைக்கு இதுதான் பயிற்சி போலிருக்கிறது என்று பிள்ளைகளும் வரிசை கலையாமல் அவர் பின்னாலேயே அப்படியே போய்விட்டார்கள்.

டீக்கடைக்கு எதிரில் மாவு மில். அந்த மில்லுக்காரி தையல்நாயகியின் மருமகள் வண்டார்குழலிக்கும் அன்று காலையில் அதேதான் நடந்தது. பாயிலிருந்து எழுந்தாள், அடுப்படிக்குப் போகக் காலை வைத்தாள், கால் இடப்பக்கமாகப் போயிற்று. இன்னொரு தடவை வைத்தாள், இன்னும் இடப்பக்கமாகப் போயிற்று. ஊரார் எல்லாரும் அதிசயம் அதிசயம் என்று வாசலுக்கு ஓடி வந்து காட்டிக்கொண்டிருந்தபோது, இவள் ஒருத்தி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நின்றாள், ஏனென்றால் ஆடி பிறந்த அன்று நண்டு நடை வந்தால் அது எந்த ராசிக்கு என்று இவளுக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது, இவள் கடக ராசி என்பது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

என்ன சங்கதி என்றால், குழலி பிறந்தது ஆயில்யத்தில். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது, அவள் வலதுகாலை வைத்து உள்ளே வந்தால் மாமியார் வெளியே போக வேண்டியதுதான் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, கிளப்பிவிட்டவர் வாயில் மண் விழ, அந்த ஒரு பேச்சினால் அவளுக்கு வந்த வரன் எல்லாம் வாசலோடு திரும்பிப் போயின. தாயில்லாத பிள்ளையை வளர்த்த அப்பா ஆபத்சகாயம் பார்த்தார், பார்த்தார், கடைசியில் தையல்நாயகி வீட்டிலிருந்து கேட்டு வந்தபோது, பெண் பிறந்த நேரத்தை நாலு மணி நேரம் தள்ளிச் சொல்லிவிட்டார். நாலு மணி நேரம் தள்ளினால் ஆயில்யம் போய் மகம் வந்துவிடும், கடகம் போய்ச் சிம்மம் வந்துவிடும். பிரசவம் பார்த்தவளும் இல்லை, பெற்றவளும் இல்லை, யார் வந்து மறுக்கப் போகிறார்கள்?

சித்திரையில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை சட்டைநாதன் நெல் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் ரோட்டில் இருப்பான், ஆகவே குழலிக்கு வாய்த்தது என்னவோ புருஷனைவிட மாமியார்தான். வாய்த்தாள் என்றால் அப்படி வாய்த்தாள். மிளகாய் அரைக்கிற அன்றைக்கு இவளைக் கிட்டவே விடமாட்டாள், "உனக்கு மூக்கு எரியும், நீ போயி சோத்த வடி" என்பாள். காய்ச்சலில் கிடந்தபோது மில்லையே நிறுத்திவிட்டு, வாசலில் டப்பாவோடு நின்றவர்களைப் பார்த்து "என் பொண்ணு தூங்குறா, சாயங்காலம் வாங்க" என்று சொன்னாள். மருமகள் என்று சொல்லவில்லை, பொண்ணு என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் குழலி போர்வைக்குள் படுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா என்று ஒருத்தி இருந்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று அவளுக்கு அழுகை வந்தது. இப்போது அது எல்லாம் ஒரு எட்டில் போய்விடும். நேராக வைக்க முடியாத ஒரு எட்டில்.

மத்தியானம் ஜோசியர் உத்திராபதி டீக்கடைக்கு வந்து விஷயத்தை உடைத்தார். பக்கவாட்டில் நடக்கிறவர்கள் பூராவும் கடக ராசி, ஒருத்தர்கூடத் தப்பவில்லை என்றார். மில்லுக்குள் இருந்த குழலிக்கு ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

"பன்னெண்டு வீட்டுலயும் வெளக்கு ஏத்தாத வீடு அது ஒண்ணுதான்யா," என்றார் ஜோசியர். "விருச்சிகத்த அண்ணாந்து பாத்தா கொடுக்கு தெரியும். சிம்மத்தப் பாத்தா சிங்கத்தோட பிடரி தெரியும். கடகத்தப் பாத்தா என்ன தெரியும்? ஊதிவிட்ட சாம்பல் மாதிரி ஒரு புகை. பின்ன ஏன் அதுக்கு நண்டுன்னு பேரு வெச்சான்? பேரு வெச்சவன் நட்சத்திரத்தப் பாத்து வெக்கல, சூரியனப் பாத்து வெச்சான். தையிலேருந்து வடக்கே வடக்கேன்னு ஏறி வந்த சூரியன், அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் அதுக்கு மேல ஏற மாட்டாம, பக்கமா ஒதுங்கி தெக்கே திரும்புறான். நேரா வந்துக்கிட்டிருந்தவன் திடீர்னு ஒதுங்கினா எதப்போல இருக்கும்? நண்டப்போல இருக்கும். அதனால அது கடகம்."

"சூரியன் ஒதுங்கினா ஒதுங்கிட்டுப் போறான், நான் என்னா பண்ணேன்?" என்றார் கலியமூர்த்தி.

"நீரு அந்த வீட்டுல பொறந்தீரு."

"இத்தன வருஷமா ஒழுங்காத்தானே நடந்தேன்?"

"இத்தன வருஷம் பேரு மேலயே இருந்துச்சு. இந்த வருஷம் கீழ எறங்கிடுச்சு." அதற்கு மேல் ஜோசியருக்கும் தெரியவில்லை, ஊரும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை. ஆடி முடிந்து சூரியன் சிம்மத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மனுஷ ஜாதிக்கு எதுதான் பழகாது? மினிபஸ் கண்டக்டர், "கடகமெல்லாம் பின்வாசல், மத்ததெல்லாம் முன்வாசல்" என்று கத்தப் பழகிக்கொண்டார். டீக்கடைக்காரர் பெஞ்சைத் திருப்பிப் போட்டார். மாரியம்மன் கோயிலில் கடக ராசிக்கென்று தனி வரிசை கட்டினார்கள், அதில் எல்லாரும் தோளோடு தோள் உரச அம்மனைப் பார்த்தபடியே நகர்ந்து போனதைக் கண்டு, நேராக நின்று முன்னால் நிற்கிறவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்த மற்ற ராசிக்காரர்களுக்குப் பொறாமையாகப் போயிற்று. ஏனென்றால் நேராக நடக்கிறவனுக்குப் போகிற இடம் ஒன்றுதான் தெரியும், பக்கவாட்டில் நடக்கிறவனுக்கோ கடக்கிற ஒவ்வொரு வாசலும் முகத்துக்கு நேரே வந்து நின்று, என்னைப் பார், என்னைப் பார் என்கிறது. கலியமூர்த்தி தன் தெருவிலேயே ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடப்பதை அந்த ஆடியில்தான் பார்த்தார், பார்த்தவர் உள்ளே போய் உட்கார்ந்து பேப்பரை வாசித்துக் காட்டிவிட்டு ஆபீசுக்கு லேட்டாகப் போனார், பிறகு தினமும் லேட்டாகவே போனார்.

சிரிப்பும் கும்மாளமும் இரண்டொரு நாள்தான். பிறகு ஊர் கணக்குப் போட ஆரம்பித்தது. கடகம் என்று சொல்லிப் பெண் எடுத்த ஒருத்தன் நேராக நடந்தான், மாமனார் வீட்டார் வேன் பிடித்து வந்து சண்டை போட்டார்கள். சிம்மம் என்று சொல்லி வந்த ஒருத்தி பக்கவாட்டில் நடந்தாள், அவள் மளிகைக்கடை சாரதாம்பாளின் மருமகள் தாமரைச்செல்வி. சாரதாம்பாள் ஜோசியரைக் கூப்பிட்டு, பெண்ணை உட்காரவைத்து உண்மையைக் கறந்து, ஆயில்யம் என்று தெரிந்ததும் அன்றைக்கே பெட்டியைக் கட்டி பஸ் ஏற்றிவிட்டாள். தாமரைச்செல்வி பின்வாசல் வழியாகத்தான் ஏறினாள். பஸ் நகர்கிறவரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் சாரதாம்பாள் கேழ்வரகோடு மில்லுக்கு வந்தாள். "நீயே சொல்லு தையலு, ஆயில்யத்த வீட்டுல வெச்சுக்கிட்டு நான் நிம்மதியா கண்ண மூட முடியுமா?"

தையல்நாயகி தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தராசுத் தட்டில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். பிறகு, "முடியாதுதான். மடியில நெருப்பக் கட்டிக்கிட்ட மாதிரி" என்றாள்.

மெஷினுக்குப் பின்னால் நின்ற குழலி, கையிலிருந்த முறத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

இத்தனை நாள் அவள் எப்படித் தப்பினாள் என்று கேட்பீர்கள். அந்த மில்லைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள். வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே மெஷின், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து, அந்தச் சந்தில் ராஜாவே வந்தாலும் பக்கவாட்டில்தான் போக வேண்டும், நேராகப் போனால் பெல்ட் சேலையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். அந்தச் சந்துதான் குழலியைக் காப்பாற்றியது. வீட்டிலிருந்து மில்லுக்கு, மில்லிலிருந்து வீட்டுக்கு, நாள் முழுக்க அதிலேயே போய் வந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்குக் குழாயடிக்குப் போகச் சொன்னால் தலைவலி என்றாள், கோயிலுக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்றாள். நல்லவேளையாக மாமியாருக்கும் ஆடி பிறந்ததிலிருந்து முட்டிவலி, ஸ்டூலை விட்டு அசையவில்லை, இல்லாவிட்டால் என்றைக்கோ மாட்டியிருப்பாள். எப்போதாவது இரண்டு பேரும் அந்தச் சந்தில் எதிரும் புதிருமாகச் சிக்கிக்கொண்டு, ஒருத்தி மூச்சு இன்னொருத்தி முகத்தில் படுகிற மாதிரி உரசிக்கொண்டு, "போடி, போடி" "நீங்க போங்கத்தை" என்று நகர்வார்கள். அப்போதெல்லாம் மாமியார் மேல் வீசுகிற கேழ்வரகு மாவு வாசனை மூக்கில் ஏறும்போது, சொல்லிவிடலாமா என்று குழலிக்கு நாக்கு நுனிவரை வரும். மடியில நெருப்பு என்ற வார்த்தை வந்து அதை அடைத்துவிடும். ராத்திரி மாமியாரின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். "இங்கயா அத்தை வலிக்குது?" என்பாள். "அங்கதான்டி, எங்கயோ அங்கதான்" என்பாள் மாமியார், சரியாக இடம் சொல்லாமல்.

புதுப்பெண்ணுக்கு முதல் ஆடியில் பிறந்த வீட்டிலிருந்து அழைப்பு வரும், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆடி பிறந்த உடனே வரவேண்டிய ஆபத்சகாயத்தைத் தையல்நாயகிதான், "ஆடிக் கூழுக்கு ஊரே அரைக்க வரும், மொத வெள்ளி முடிஞ்சு கூட்டிட்டுப் போங்க சம்பந்தி" என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றி முடிந்து, ஞாயிற்றுக்கிழமை மனுஷன் சீர்த்தட்டோடு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. ஊருக்கு ஊர் செய்தி பரவிவிட்டதே, அவருக்குத் தெரியாதா? கெட்டிக்காரத்தனமாக ஒரு ஆட்டோவையும் கையோடு கூட்டி வந்து, மில் வாசற்படியை இடிக்கிற மாதிரி நிறுத்தியிருந்தார்.

"ஏறும்மா, ஏறு, நல்ல நேரம் போயிடும்," என்றார், உட்காரக்கூட இல்லாமல்.

குழலி சந்து வழியாக வந்து, ஒரு கையால் கதவைப் பிடித்து நின்றாள். ஒரு எட்டு, அவ்வளவுதான், ஆட்டோவுக்குள் போய்விடலாம். ஆவணியில் திரும்பி வந்தால் கால் நேராகிவிடும், யாருக்கும் தெரியாது, மாமியார் மாமியாராகவே இருப்பாள்.

அப்போது டப்பா வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்கள் நடுவிலிருந்து சாரதாம்பாள் வாயைத் திறந்தாள். "இதென்ன கூத்து! மொத ஆடிக்குப் போற பொண்ண மாமியாக்காரி கையப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போயி, தெருக்கோடி பிள்ளையாருகிட்ட வெச்சுல்ல அப்பன் கையில ஒப்படைக்கணும்? நம்ம ஊரு முறையே அதானே. எந்திரி தையலு."

"எனக்கு முட்டி," என்றாள் தையல்நாயகி.

"எனக்கு தலை சுத்துது," என்றாள் குழலி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதின. சாரதாம்பாளின் புருவம் ஏறியது. "முட்டின்னா மெதுவா நட. புள்ளையாரு என்ன வெளியூருக்கா போயிடப் போறாரு? நாங்க பிடிச்சுக்கறோம், வா." சொன்னதோடு நிற்காமல் தையல்நாயகியின் தோளில் கையைப் போட்டு எழுப்பவும் பார்த்தாள். தையல்நாயகி தராசுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விடு சாரதா, விடுன்னா" என்றாள். அந்தக் குரலில் இருந்த பயத்தை இதுவரை குழலி கேட்டதே இல்லை.

வலியில் துடிக்கிறாள், என்னால்தானே, என்று நினைத்தாள் குழலி. ராத்திரி ராத்திரி நான் எண்ணெய் தேய்த்த முட்டி. நான் ஆயில்யம் என்று தெரிந்தால் முறையும் வேண்டாம், நடையும் வேண்டாம் என்று அவளை விட்டுவிடுவார்கள், என் குட்டு வெளிப்படக் கூடாதென்று அவளை வலியோடு தெருக்கோடிவரை இழுத்துப் போகவிடுவதா? அவ்வளவுதான் யோசித்தாள். கதவை விட்டாள், வாசற்படி இறங்கினாள், பட்டப்பகலில், ஊர் பார்க்க, தெருவில் இடப்பக்கமாக நடந்தாள்.

டப்பாக்காரப் பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். "அடியாத்தி, கடகம்!" என்றது ஒரு குரல். "மகம்னுல்ல சொன்னாங்க? அப்ப இதுவும் ஆயில்யம்!" என்றாள் சாரதாம்பாள். ஆபத்சகாயம் சீர்த்தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "சம்பந்தியம்மா, தப்பு எம்மேலதான், அது வாயத் தொறக்காத புள்ள, நான்தான் நேரத்த மாத்திச் சொன்னேன், எத்தன பேருதான் வேணாம்னு சொல்லுவாங்க, பெத்த மனசு தாங்கலம்மா" என்று தெருவிலேயே உடைந்துபோனார்.

தையல்நாயகி அவரைப் பார்க்கவே இல்லை. "மெஷின நிறுத்துங்கடி" என்றாள். யாரோ நிறுத்தினார்கள்.

"எத்தன நாளா?"

"ஆடி பொறந்ததுலேருந்து அத்தை."

"எனக்குத் தெரியாம எப்படி?"

"சந்துல நடந்தேன்."

தையல்நாயகி அவளையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு உதடு கோணியது, அழப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள், ஆனால் அவள் சிரித்தாள். தலையில் இருந்த மாவு உதிர உதிர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "அடிப்பாவி, நானும் அங்கதான்டி நடந்தேன்" என்று சொல்லி ஸ்டூலை விட்டு எழுந்தாள். எழுந்தவள் வாசற்படி இறங்கி, வலப்பக்கமாக, நண்டு போலவே, ஒரு வலியும் இல்லாத முட்டியோடு, குழலிக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

ஜோசியர் உத்திராபதி டீ கிளாசைக் கீழே வைக்க மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஆயில்யம்தான்," என்றாள் தையல்நாயகி. "எங்க வீட்டுல மறைக்கல, சொல்லித்தான் குடுத்தாங்க. இந்த வீட்டுலயும் பெரிய மனசு பண்ணி எடுத்தாங்க. நான் வந்த வருஷமே எம் மாமியா போயிட்டாங்க. சாவு வீட்டுல இந்த வீட்டுப் பெரியவங்க, இப்ப அவங்க ஒருத்தரும் உசுரோட இல்ல, எம் முகத்துக்கு நேரா சொன்னாங்க, வந்தா, முழுங்கிட்டான்னு. அதுக்கப்புறம் நான் யாருகிட்டயும் என் நட்சத்திரத்தச் சொன்னதில்ல. கேட்டா தெரியாதுன்னுடுவேன். ராத்திரி படுத்தா நெனச்சுக்குவேன், ஒரு மனுஷியக் கொன்னுட்டு அவ வீட்டுலயே அவ பாயில படுத்திருக்கோமேன்னு."

குழலி மனசில் வந்ததைக் கேட்டாள். "அவங்களுக்கு என்ன வந்துச்சு அத்தை?"

"வயித்துல கட்டி."

"எப்ப வந்துச்சு?"

"அது ரொம்ப நாளாவே இருந்திருக்கு. எங் கல்யாணத்தன்னிக்கே படுத்துக்கிட்டுத்தான் ஆசீர்வாதம் பண்ணாங்க."

"அப்படின்னா?"

தையல்நாயகியின் முகம் சின்னப்பிள்ளை முகம்போல ஆகிவிட்டது. "அப்படின்னான்னு என்ன யாரும் கேட்டதில்லடி" என்றாள் கடைசியில். சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள். குழலி அவளைக் கட்டிக்கொண்டாள். கூட்டத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் எதற்கென்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாரதாம்பாள்தான் முதலில் பேசினாள், மெதுவாக. "இருந்தாலும் தையலு, உனக்கு பயமா இல்லயா? இவளும் ஆயில்யம்."

"இருக்கு. ஏன் இல்லாம?" மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள் தையல்நாயகி. "நெஞ்சு திக்குதிக்குன்னுதான் இருக்கு. அதுக்காக எம் பொண்ண அனுப்பிடுவேனா? சூரியனே அந்த வீட்டுக்கு வந்தா நேரா போக முடியாம ஒதுங்குறான், அவன யாரு பஸ் ஏத்தி அனுப்புனா?" அப்புறம் ஆபத்சகாயத்தைப் பார்த்து, "ஆட்டோவ அனுப்புங்க சம்பந்தி, நாங்க நடந்து வரோம்" என்றாள்.

மாமியார் வலப்பக்கமாகப் போகிறவள், மருமகள் இடப்பக்கமாகப் போகிறவள். இரண்டு பேரும் ஒரே திசையில் போக வேண்டுமென்றால் முகத்துக்கு முகம் பார்த்துத்தான் போக முடியும். அப்படித்தான் போனார்கள். நான்கு கையும் கோத்து, தெருவையும் பார்க்காமல், தெருவில் நின்றவர்களையும் பார்க்காமல், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடியே, மளிகைக்கடையைக் கடந்து, ரேஷன் கடையைக் கடந்து, "பள்ளம் பாத்து வாடி" "உங்க பக்கம் கல்லு அத்தை" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டு போக, கலியமூர்த்தி முதல் பால்காரர் வரைக்கும் ஊரின் கடக ராசிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்தி, பெண்ணை அப்பன் கையில் ஒப்படைக்கும்போது தையல்நாயகி குழலியின் தாடையைப் பிடித்து, "ஆவணி ஒண்ணாந்தேதி மொத பஸ்ஸுக்கு வந்துடணும். நான் சாகாம இருக்கேன், நீ வந்து பாரு. நானே ஸ்டாப்புல வந்து நிப்பேன்" என்றாள்.

அப்பா வீட்டில் குழலிக்குச் சோறு இறங்கவில்லை. கீழமணற்குடி மினிபஸ் அந்த வழியாகத்தான் போகும். தினமும் வாசலில் நின்று கண்டக்டரிடம், "மில்லு ஓடுதாண்ணே?" என்று கேட்பாள். "ஓடுது தங்கச்சி, காது கிழியுது" என்பார் அவர். அப்புறம்தான் உள்ளே போய்ச் சாப்பிடுவாள். சாரதாம்பாள் மருமகளைக் கூப்பிடப் புறப்பட்டு, பாதி வழியில் பயந்து திரும்பி, மறுபடியும் புறப்பட்டாள் என்று ஒருநாள் அவர்தான் சொன்னார். போய்ச் சேர்ந்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆவணி பிறந்தது. சூரியன் சிம்மத்துக்குள் போனான். குழலி எழுந்து காலை வைத்தாள், கால் நேராகப் போயிற்று. முதல் பஸ்ஸில் ஏறிக் கீழமணற்குடியில் இறங்கினாள்.

ஸ்டாப்பில் மாமியார் இல்லை.

வந்துகொண்டிருப்பாள் என்று நினைத்து நடந்தாள். பிள்ளையார் கோயில் திரும்பினாலே கேட்கிற மில் சத்தம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் கேட்கும் என்று நினைத்தாள். ரேஷன் கடை வந்தது, கேட்கவில்லை. மளிகைக்கடை வந்தது, கேட்கவில்லை. தூரத்தில் மில் வாசலில் பெண்கள் கூட்டமாக, பேசாமல், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். குழலியின் கையிலிருந்து பை விழுந்தது. எடுக்கவில்லை. ஓடினாள். டீக்கடையிலிருந்து யாரோ கூப்பிட்டது காதில் விழவில்லை. ஐயோ, கொன்னுட்டேனே, கொன்னுட்டேனே என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, யார் யாரோ நம்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்ததை இத்தனை காலமும் தானும் உள்ளுக்குள் நம்பிக்கொண்டுதான் இருந்தாள் என்று.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, இருட்டாகக் கிடந்த மில்லுக்குள் நுழைந்து, அசையாமல் நின்ற மெஷினுக்குப் பின்னால் போனாள். தையல்நாயகி முறத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? விடியக்காலம் போன கரண்டு, இதோ வரும் அதோ வரும்னு எல்லாரும் டப்பாவ வெச்சுக்கிட்டு தூங்கி வழிஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க, என்ன எந்திரிக்க விடல." சொல்லிக்கொண்டிருந்தவள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பையில்லாத கையைப் பார்த்தாள். இரைத்த மூச்சைக் கேட்டாள். விசிறுவதை நிறுத்தினாள்.

"நீயுமாடி நம்புன?"

குழலி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

தையல்நாயகி அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். மாவுதான் அப்பியது. "நானுந்தான்," என்றாள். "தினம் கண்ணு முழிச்சதும் மொத வேலையா மூச்சு வருதான்னு பாத்தேன். தினமும் வந்துச்சு. இன்னிக்கி பாக்க மறந்துட்டேன்." முறத்தை எடுத்து அவளுக்கும் சேர்த்து விசிறிக்கொண்டே, "சாப்புட்டியா, இல்ல அப்படியே ஓடி வந்துட்டியா?" என்று கேட்டாள்.